குடத்துக்குள் போகாத பெயர்கள்

1949 நவம்பர் 26 அன்று அரசியல் சாசனத்தை வாக்கெடுப்புக்கு விடுவதற்கு முன், அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத் நீண்ட உரை ஒன்றை ஆற்றினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்த வேலையைப் பாராட்டிய அவர், தமக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு என்றும் சொன்னார். சாசனம் இந்திய மொழி ஒன்றில் எழுதப்படவில்லை என்பது ஒரு குறை. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரிக்கும் அதற்கு விளக்கம் சொல்லும் நீதிபதிக்கும் உயர்ந்த தகுதிகளை விதிக்கிறோம், ஆனால் சட்டத்தை இயற்றப் போகிறவர் தேர்தலில் ஜெயித்தால் போதும் என்று விட்டுவிட்டோமே என்பது இன்னொன்று. படிப்பைவிட நிதானமாகப் பார்க்கும் திறனும், யாருக்கும் வளையாமல் நடக்கும் துணிவும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒழுக்கமும்தான் சட்டம் இயற்றுபவருக்கு வேண்டும் என்றார். இவற்றை அளக்க அளவுகோல் எதுவும் கிடையாது, அது கிடைக்காதவரை நம் சாசனம் குறையுள்ளதாகவே இருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். மனக்குறையைக் காட்டிலும் இந்த ஒப்புதல்தான் நமக்கு முக்கியம். நாட்டை ஆள்பவரிடம் என்ன இருக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் பட்டியல் தயாராக வரும்: நேர்மை, அறிவு, துணிவு, இரக்கம், தொலைநோக்கு. இந்தப் பட்டியலில் யாருக்கும் சண்டை இல்லை. வாக்குச்சாவடியில் நிற்பவர் இவற்றில் எதைக் கண்ணால் பார்க்க முடியும், எதைச் சொல்லக் கேட்டு நம்ப மட்டுமே முடியும் என்பதில்தான் சிக்கல். தகுதிகளை எழுதிவைத்த நம் பழைய முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இருக்க வேண்டிய குணங்கள் என்று எழுதியவை பெரும்பாலும் வேலியாக மாறின. இருக்கக் கூடாதவை என்று எழுதியவை, அதிலும் பொறுப்பில் இருந்தபோது கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி பொறுப்பில்லை என்ற விதி, ஆயிரம் ஆண்டு கழிந்தும் பழசாகவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் உத்திரமேரூருக்குப் போகாமல் தீராது. மேடைகளில் அடிபட்டு அடிபட்டு, குடவோலை முறையைச் சொல்லும் அந்த ஊர்க் கல்வெட்டு தேய்ந்துவிட்டது. எனினும் அங்கே ஒன்றல்ல, இரண்டு விதிமுறைகள் இருக்கின்றன என்பதைப் பெருமை பேசுபவர்கள் அதிகம் சொல்வதில்லை. முதல் பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அரச அதிகாரி உடனிருக்க ஊர்ச் சபை ஒரு விதியைச் செய்தது. இரண்டே ஆண்டில் அது போதவில்லை. 921-இல் சோமாசிப்பெருமான் என்ற வேறொரு அதிகாரி முன்னிலையில் சபை மறுபடி கூடி அதைத் திருத்தியது. முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு முப்பத்தைந்து முதல் எழுபது என்றானது. கால் வேலி அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதப் பயிற்சி, காரியத்தில் திறமை, நேர்மையான வழியில் வந்த பொருள் என்று வேண்டிய தகுதிகள் வரிசையாக வருகின்றன. வேதமும் பாஷ்யமும் நன்கு கற்றவராக இருந்தால் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு தளர்வும் உண்டு. இது ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களின் ஊர். அந்த ஊரில் உழுதவருக்கும் நெய்தவருக்கும், எந்தப் பெண்ணுக்கும், இந்தப் பட்டியலில் இடமில்லை. இதை மறைத்துவிட்டு உலகின் முதல் ஜனநாயகம் என்று மார்தட்டுவது வரலாற்றுக்கும் நல்லதல்ல, ஜனநாயகத்துக்கும் நல்லதல்ல.

ஆனால் கல்வெட்டின் இரண்டாம் பாதி வேறு சுருதியில் பேசுகிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர்க் காரியம் பார்க்கும் குழுவில், இருந்தவர் பெயரெழுதிய ஓலையைக் குடத்தில் இடக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை இடக் கூடாது. அவரோடு நிற்காமல் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், தாய்மாமன், அத்தை மகன், பெரியம்மா சித்தியின் மக்கள் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, இவர்களில் யார் பெயரும் கூடாது என்கிறது. கல்லில் ஓர் எழுத்து வெட்டுவதற்கும் கூலி உண்டு. அப்படியிருந்தும் இத்தனை உறவுகளை வெட்டச் செய்திருக்கிறார்கள் என்றால், மாமன் போனால் மருமகன் வருகிற கதையை அந்த ஊர் நன்றாகப் பார்த்திருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவரும், பொய்க் கையெழுத்திட்டவரும், கழுதை மேல் ஏற்றப்பட்டவரும் விலக்கப்பட்டார்கள். கணக்கு எழுதுகிறவருக்கும் தனி விதி உண்டு: தாம் எழுதிய கணக்கைத் தாமே ஒப்படைத்து, அது சுத்தம் என்று சபை ஏற்றுக்கொள்ளும்வரை அவருக்கு மறுபடி அந்த வேலை கிடையாது. அவர் கணக்கை முடிக்க இன்னொருவர் உள்ளே வரவும் கூடாது. நிலத்தையும் வேதத்தையும் பற்றிய வரிகள் அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டன. இந்த வரிகளை மட்டும் இன்றைக்கு எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரில் எழுதினாலும் அங்கே நான்கு பேர் முகம் சுளிப்பார்கள்.

ஒரு மறுப்பை இங்கேயே பார்த்துவிடலாம். குடவோலை தேர்தலே இல்லை, குலுக்கல். குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஓலைகளை ஒரு சிறுவன் குடத்திலிருந்து எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படித்தான். ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுத்த முறையை வைத்து நாட்டின் தலைவரைப் பற்றி என்ன சொல்ல முடியும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் அந்தக் குலுக்கலிலேயே இருக்கிறது. குலுக்கலில் எவரும் எவரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் பொறுக்கும் வேலை முழுவதையும் விதியே செய்தாக வேண்டியிருந்தது. வரம்பைத் தாண்டியவர் எல்லாரும் ஒன்றுதான், யார் வந்தாலும் சரி என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படை. வாக்களிப்பில் அப்படி இல்லை. வரம்பைத் தாண்டியவர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு, அதைக் குடிமக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி அந்த வேலையை அவர்களிடம் கொடுக்கிறோம். எனவே குலுக்கலுக்கு எழுதிய நீண்ட தகுதிப் பட்டியலை அப்படியே வாக்களிப்பில் கொண்டுவந்து பொருத்த முடியாது. பொருத்தினால் வாக்காளர் செய்ய வேண்டிய வேலையைச் சட்டம் பறித்துக்கொள்கிறது. பழைய இலக்கியமும் இதில் அதிகம் உதவாது. இறைமாட்சி என்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவருக்கு அரசனை யார் தேர்ந்தெடுப்பது என்ற சிக்கல் எழவில்லை. ஏற்கெனவே அரியணையில் இருப்பவன் எப்படி இருக்க வேண்டும் என்பதே அவர் கேள்வி.

பறித்துக்கொள்ளும் வேலையை ஆங்கில ஆட்சி இன்னொரு முனையிலிருந்து செய்தது. 1920-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நடந்த தேர்தலில் சொத்தும் வரியும் இருந்தவருக்கே வாக்கு. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வட்டத்தை விரித்தது, ஆனாலும் வரி, சொத்து, படிப்பு என்ற அளவுகோல்கள் நீடித்தன. உத்திரமேரூரில் பதவிக்கு இருந்த வேலி இப்போது வாக்குக்கே வந்தது. இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் பழையதுதான்: எழுதப் படிக்கத் தெரியாதவர் நல்ல தலைவரை எப்படி அடையாளம் காண்பார்? 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தவர் நூற்றுக்குச் சுமார் 18 பேர். அந்த நிலையில் சுமார் 17 கோடியே 30 லட்சம் பேரை வாக்காளராக்கி, பெயருக்குப் பதில் சின்னத்தைக் கொடுத்து, 1951 அக்டோபரிலிருந்து 1952 பிப்ரவரி வரை தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தேர்தலை நடத்தி முடித்தார். சுதந்திரம் வாங்கிக்கொடுத்த கட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாக்குக் குத்துவார்கள் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். சென்னை மாகாணத்தில் நடந்தது வேறு. 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். சிறை சென்றவர், எளிமையானவர் என்பதை யாரும் மறுக்கவில்லை. உணவுத் தட்டுப்பாடும் ரேஷனும் உலுக்கிய ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டவர்கள் அவருடைய தியாகத்தை ஒரு பக்கமும் ஆட்சியை மறுபக்கமும் வைத்துப் பார்த்தார்கள். படிக்காதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்திருந்தது.

அதே தேர்தலில் வட பம்பாயில் அம்பேத்கர் தோற்றார் என்பதை இங்கே விழுங்கிவிட முடியாது. படிப்பு, சிந்தனை, நெஞ்சுரம் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் முன்வரிசையில் நின்ற ஒருவரை வாக்காளர் வெளியே நிறுத்தினார்கள். வாக்காளர் எப்போதும் சரியாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற வாதத்தை இது உடைக்கிறது. அந்த வாதம் என்னுடையதும் அல்ல. தகுதியைச் சட்டமாக எழுதியிருந்தாலும் இந்தத் தோல்வி நடந்தே இருக்கும். வேலி அவரைக் காப்பாற்றியிராது, ஏனென்றால் அவரைத் தோற்கடித்தவரும் வேலியைத் தாண்டித்தான் வந்திருப்பார். சாசனம் ஏற்கப்படுவதற்கு முந்தைய நாள் அதே சபையில் அம்பேத்கர் செய்த எச்சரிக்கை இதைவிடக் கூர்மையானது. அரசியலில் பக்தி வந்தால் அது வீழ்ச்சிக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்றார் அவர். ராஜேந்திர பிரசாத் நல்ல மனிதர்களைத் தேடினார். அம்பேத்கரோ நல்ல மனிதர் என்று நம்பியவரிடமும் சுதந்திரத்தை ஒப்படைத்துவிடக் கூடாது என்றார். இரண்டு நாளில் இரண்டு பேர் ஒரே கேள்விக்கு எதிரெதிர் முனைகளிலிருந்து வந்தார்கள் என்று எனக்குப் படுகிறது. இதில் நான் அம்பேத்கர் பக்கம்.

படிப்பை வைத்து அளப்பதில் உள்ள ஆபத்துக்குத் தமிழ்நாட்டை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ராஜாஜி பெரும் படிப்பாளி, வழக்கறிஞர், எழுத்தாளர், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல். 1953-இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டம் அவர் பதவியை விட்டுப் போவதற்கு ஒரு காரணமானது. 1954-இல் வந்த காமராஜர் சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஊர்தோறும் பள்ளி திறந்து, மதிய உணவைக் கொண்டுவந்தவர் அவரே. 921-ஆம் ஆண்டு விதியில் காமராஜரின் பெயர் குடத்துக்குள் போயிருக்காது. ராஜாஜியின் பெயர் போயிருக்கும். இதற்காகப் படிப்பே வேண்டாம் என்று சொல்வது அபத்தம். காமராஜர் அருகில் சி. சுப்பிரமணியமும் நெ.து. சுந்தரவடிவேலுவும் இல்லாமல் அந்தக் கல்வி வேலை நடந்திருக்காது. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கத் தெரிவதும் ஒரு குணம்தான். ஆனால் எந்தச் சான்றிதழிலும் அது எழுதப்படுவதில்லை. அந்தக் குணம் இருக்கிறதா என்பது ஒருவரின் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்துச் சில ஆண்டுகள் பார்த்த பிறகுதான் வெளிப்படும்.

தேசத்தின் தலைமைக்கே இந்த அளவுகோல் பொருந்திய ஒரு தருணம் உண்டு, அதன் வேர் தமிழ் மண்ணில் நடந்த ஒரு துயரத்தில் இருக்கிறது. 1956 நவம்பரில், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பெயர்ந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் ரயில் விபத்தின்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மறுபடி விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி பொறுப்பாளி என்பதால் இல்லை, அரசியலில் ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். 1964-இல் நேரு மறைந்தபோது காங்கிரஸ் தலைவர் காமராஜர் கட்சி எம்.பி.க்கள், மாநிலத் தலைவர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நிர்வாகத்தில் கைதேர்ந்த மொரார்ஜி தேசாயைத் தவிர்த்துச் சாஸ்திரிமேல் ஒருமனதான முடிவு உருவானது. இதில் கட்சிக்குள் இருந்த காய்நகர்த்தல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மொரார்ஜியின் பிடிவாதத்துக்குப் பலர் அஞ்சினார்கள். ஆனால் சாஸ்திரியைப் பற்றி நாட்டுக்குத் தெரிந்திருந்த ஒரே பெரிய செய்தி அந்த ராஜினாமாதான் என்று சொன்னால் மிகையாகாது. குள்ளமானவர், மென்மையாகப் பேசுபவர், மேடையைக் கட்டிப்போடும் பேச்சாளர் இல்லை. பொறுப்பு கையில் இருந்தபோது அதன் சுமையைத் தன் தலைமேல் ஏற்றிக்கொண்டவர் என்ற ஒன்று அவர் கணக்கில் இருந்தது.

ராஜினாமா வெறும் சடங்கு, அதனால் பாலம் பலப்பட்டதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அமைச்சர் போனதால் மட்டும் எந்தப் பாலமும் உறுதியாவதில்லை, நல்ல அமைச்சர் போவதால் துறைக்கு நட்டமும் உண்டு. 1958-இல் முந்த்ரா பங்கு விவகாரத்தில் நீதிபதி சாக்ளா விசாரணைக்குப் பின் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விலகினார், பிறகு மறுபடி அமைச்சராகவும் வந்தார். எனினும் இந்த இரண்டு விலகல்களிலும் பொதுவான ஒன்று இருக்கிறது: நடந்தது என்ன, யார் கையில் நடந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. வாக்காளருக்கு வேண்டியது அந்த வெளிச்சம். ஒருவர் உள்ளுக்குள் நல்லவரா என்பது அவருடைய வீட்டாருக்கே தெரியாமல் போகலாம். தவறு நேர்ந்தபோது அதை ஒளித்தாரா, கீழே இருந்தவர்மேல் தள்ளினாரா, தானே ஏற்றாரா என்பது ஊருக்கே தெரியும்.

நம் சட்டமும் மெல்ல மெல்ல இந்தப் பக்கமே நகர்ந்திருக்கிறது. தேர்தல் முடிவு வந்து முப்பது நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். இது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10-ஏ பிரிவு. 2002-இல் உச்ச நீதிமன்றம் வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், படிப்பு ஆகியவற்றை வாக்காளர் அறிய உரிமை உண்டு என்றது. அதன் பிறகே வேட்புமனுவோடு உறுதிமொழிப் பத்திரம் வந்தது. இந்தப் பத்திரத்தில் படிப்புக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் அது தடையாக இல்லை, தகவலாக இருக்கிறது. தகவலை வைத்து முடிவெடுப்பது வாக்காளர். ஹரியானா 2015-இல் வேறு வழியில் போனது. ஊராட்சித் தேர்தலில் நிற்கப் பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு என்று விதித்து, வீட்டில் கழிப்பறை வேண்டும், மின் கட்டண பாக்கி கூடாது என்றும் சேர்த்தது. உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. பள்ளியையே பார்க்காத தலைமுறைப் பெண்களையும் தலித்துகளையும் அந்தச் சட்டம் தங்கள் ஊரின் பொறுப்புகளிலிருந்து வெளியே தள்ளியது. பள்ளி கட்டித்தராத அரசு, பள்ளிக்குப் போகாததை அவர்கள் குற்றமாக்கியது. ராஜஸ்தானும் இதே போன்ற விதியைக் கொண்டுவந்து 2019-இல் அதை நீக்கியது. கால் வேலி நிலமும் சொந்த மனையும் ஆயிரம் ஆண்டு கழித்துக் கழிப்பறையாகவும் மின் கட்டண ரசீதாகவும் திரும்பி வந்ததைப் பார்க்கையில், நல்ல எண்ணத்தோடு வேலி கட்டுபவர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை என்று தோன்றுகிறது.

கணக்கைப் பார்த்து வாக்களி என்ற வாதத்துக்கு எதிராக இரண்டு வலுவான கேள்விகள் மிஞ்சுகின்றன. புதிதாக வருபவரிடம் காட்டக் கணக்கே இல்லையே, அப்படியானால் இருப்பவர்களே காலமெல்லாம் இருப்பார்களா? உத்திரமேரூர் இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. ஒருமுறை இருந்தவர் மூன்று ஆண்டு ஒதுங்க வேண்டும் என்பதால் புதியவருக்கு இடம் தானாகக் கிடைத்தது. நமக்கு அந்த விதி கிடையாது. எனவே புதியவரை அவர் வேறு எங்கே எதை நிர்வகித்தார் என்று பார்த்துத்தான் மதிப்பிட முடியும்: ஒரு சங்கம், ஒரு நகராட்சி, ஒரு போராட்டம், ஒரு தொழில். எங்கேயும் யாருக்கும் எதற்கும் பதில் சொல்லாமலே வாழ்ந்துவிட்ட ஒருவர் நேராக நாட்டின் தலைமைக்கு வருகிறார் என்றால், அதுவே கவனிக்க வேண்டிய செய்தி.

இரண்டாவது கேள்வி கடினமானது. நாடாளுமன்ற முறையில் நாம் பிரதமருக்கு வாக்களிப்பதே இல்லை, தொகுதி உறுப்பினருக்கு வாக்களிக்கிறோம். அப்படியிருக்க தேசத் தலைவரின் கணக்கை யார், எங்கே பார்ப்பது? ஏட்டளவில் இது சரி. 1971-இல் இந்திரா காந்தி மாநிலத் தேர்தல்களிலிருந்து பெரும்பாலும் பிரித்து மக்களவைத் தேர்தலை நடத்தியபோது, நாடு முழுவதும் ஒரே மனிதரைப் பற்றிய வாக்கெடுப்பாக அது மாறியது. அதன் பிறகு அந்தப் பழக்கம் போகவில்லை. நெருக்கடி நிலைக்குப் பின் வந்த 1977 தேர்தலில் கணக்கு கேட்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, ரேபரேலியில் பிரதமரே தோற்றார். தெற்கே ஆந்திராவில் 42-இல் 41 தொகுதிகளைக் காங்கிரஸ் வென்றது, தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்ற அணி 39-இல் 34-ஐ எடுத்தது. ஒரே தலைவர், ஒரே நெருக்கடி நிலை, இரண்டு தீர்ப்பு. கட்டாயக் கருத்தடையும் குடிசை இடிப்பும் வடக்கே வீட்டு வாசலுக்கு வந்தன. தெற்கே அந்த அளவுக்கு வரவில்லை. இங்கே மிசா கைதிகளும் பத்திரிகைத் தணிக்கையும் இருந்தன, ஆனால் பெரும்பாலான வாக்காளரின் அன்றாட வாழ்வில் அவை ஓர் ஓரத்தில் நின்றன. தமிழ்நாட்டு வாக்காளர் அந்த ஆண்டு வேறொரு கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்: கலைக்கப்பட்ட தி.மு.க. ஆட்சியின்மேல் சர்க்காரியா ஆணையம் விசாரித்துக்கொண்டிருந்த குற்றச்சாட்டுகள். அவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்வது எளிது, ஆனால் தன்னைத் தொட்டதை வைத்துத்தான் எவரும் எடைபோடுகிறார். மற்ற மாநிலத்தில் இன்னொருவரைத் தொட்டதையும் தன் கணக்கில் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் ஒரே தேர்தலில் வந்துவிடாது. அதற்குத் தணிக்கையில்லாத செய்தித்தாள் வேண்டும், நெருக்கடி நிலை முதலில் பறித்தவற்றில் ஒன்று அதுதான். மூன்று ஆண்டு கழிந்து, தங்களுக்குள் அடித்துக்கொண்டு ஆட்சியைச் சிதறவிட்ட ஜனதா கட்சியின் ஏடு விரிக்கப்பட்டபோது, 1977-இல் காங்கிரசைத் துடைத்தெறிந்த அதே உத்தரப் பிரதேசம் 1980-இல் இந்திரா காந்தியின் கட்சிக்குப் பெரும்பான்மைத் தொகுதிகளைக் கொடுத்தது.